கையெழுத்து மட்டும் போட்டு வாங்கிய துப்பாக்கி

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. என் சகலை தன்னுடைய வெற்றிக் கதையாக இதை என்னிடம் சொன்னார். இருவரும் அவருடைய காரில் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் ஒரு லாரி குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றதால் எனக்குத் தப்பிக்க வழியில்லை.

"சகலை, என் வீட்டுக்காரிக்கு நான் எப்படித் துப்பாக்கி செலக்ட் பண்ணேன் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். லாரி நகர்வதற்குள் முடித்தும் விட்டார்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால் அது அவர் கதையே இல்லை, அவர் மனைவியின் கதை. அவர் மனைவி என் மனைவிக்கு அக்கா, நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். ஆக, பொருள் அக்காவுடையது, நான் திருடியது சகலையிடமிருந்து. இதற்கு என்ன தண்டனை என்று தெரியவில்லை.

பயப்படாதீர்கள். துப்பாக்கி வருகிறது, நிறைய வெடிக்கிறது, யாரும் சாக மாட்டார்கள். எந்திரம் ஒன்று சாசர் அளவில் களிமண் தட்டுகளை வானத்தில் எறியும், அதைச் சுட்டு உடைக்க வேண்டும். அது ஒரு விளையாட்டு, அவ்வளவுதான். இந்தக் கதையில் பெரும்பாலும் தட்டுகூட உடையாது.

2

தொடக்கம் எழுதுவதில் எனக்குக் கைராசி கிடையாது.

"காலை வெயிலில் அந்த இரட்டைக் குழல்கள் ரத்தச் சிவப்பாக

நிறுத்திவிட்டேன். துப்பாக்கி என்று எழுதினாலே பேனா ரத்தத்தைத் தேடிப் போகிறது.

"பல வருடங்களாக அவளுக்குள் உறங்கிக்கிடந்த ஒருத்தி அன்று

இதுவும் வேண்டாம். அக்காவுக்குள் யாரும் உறங்கவில்லை. சகலை விடும் குறட்டையில் அக்காவாலேயே உறங்க முடிவதில்லை.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அக்கா பல்செட்டு செய்பவள். (நேரில் 'நீங்க', எழுத்தில் 'அவள்'. கதாபாத்திரம் ஆனதும் மனிதர்களுக்கு முதலில் பறிபோவது மரியாதைதான்.) பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துக்கொண்டு, மெழுகும் பிளாஸ்டரும் அக்ரிலிக்குமாக ஒரு சின்ன அறையில் வேலை. ஜன்னலோரம் வரிசையாக உட்கார்ந்து சிரிக்கும் தாடைகள். ஒருவர் வாய்க்குச் செய்தது இன்னொருவர் வாயில் உட்காராது என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடுகளவு தூக்கலாக இருந்தாலும் ஆள் மறுநாளே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்.

சகலை கட்டடங்களில் லிஃப்ட்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் தருபவர். எதை வாங்கும் முன்பும் அதைப்பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்துத் தீர்ப்பார். நல்ல மனிதர். இதை நான் நடுநடுவே சொல்ல வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் நீங்கள் மறந்துவிடுவீர்கள்.

3

அக்காவோடு வேலை செய்பவர்கள் ஒருநாள் விளையாட்டாகச் சுடும் திடலுக்குப் போனார்கள். அக்கா துணைக்குப் போனாள். இரவல் துப்பாக்கி, காதடைப்பான், "விடு!" என்று ஒரு கத்தல். தட்டு பறந்தது. அக்கா சுட்டாள். தட்டு வானத்திலேயே கறுப்புப் பொடியாகிக் கலைந்தது.

[இங்கே அவள் மனநிலையை வர்ணித்து ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அவள் அங்கேயே வாய்விட்டுச் சிரித்தாள் என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். அது போதும்.]

அதன்பின் அவள் குறிவைத்த ஒரு தட்டும் உடையவில்லை. ஆனாலும் ஆசை பிடித்துக்கொண்டது. உரிமத்துக்கு அலைந்தாள். அதிகாரி வீட்டுக்கு வந்து, துப்பாக்கி வைக்கச் சுவரோடு சேர்த்து முடுக்கிய இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார். உரிமம் அவள் பெயரில் வந்தது. சட்டப்படி பெட்டியின் சாவியும் அவளிடம்தான் இருக்க வேண்டும்.

துப்பாக்கி வாங்குவது மட்டும் பாக்கி. "இதை நானே பார்த்து வாங்கிக்கறேங்க" என்றாள் சகலையிடம்.

இந்த வாக்கியத்தின் கனம் உங்களுக்குத் தெரிய வேண்டும். அந்த வீடு சகலை பார்த்தது. சோபா சகலை பார்த்தது. அக்காவின் செருப்பு, கைபேசி, அது அழைக்கும் ஒலி, மூக்குக்கண்ணாடியின் சட்டம் எல்லாமே அவர் பார்த்தது. எதுவும் மோசமில்லை, அதுதான் கொடுமை. மோசமாக இருந்தாலாவது சண்டை போடலாம்.

"தாராளமா. உனக்குன்னு வாங்கறது, நீதானே பார்க்கணும்?" என்றார் சகலை. சொல்லும்போது மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

4

மறுநாள் அவர் கடைக்குப் போனார். சும்மா ஒரு பார்வை பார்த்து வைக்க.

(தொழில் விஷயம் ஒன்றை இங்கே சொருகியாக வேண்டும். இந்த மாதிரித் துப்பாக்கியின் பின்கட்டை நூல் பிடித்த மாதிரி நேராக இருக்காது. வலத் தோளில் வைத்துச் சுடுபவருக்குக் கொஞ்சம் வலப்பக்கம், இடத் தோளில் வைப்பவருக்குக் கொஞ்சம் இடப்பக்கம் வளைந்திருக்கும். அப்போதுதான் கன்னம் படியும், கண் குழலுக்கு நேரே வரும். சாய்த்துப் பார்த்தாலொழிய கண்ணுக்குத் தெரியாது. சரி, கதைக்கு வருவோம்.)

சகலை இடதுகைக்காரர். கடைக்காரர் அதைப் பார்த்தார், வந்திருப்பவருக்குத்தான் வேண்டும் என்று நினைத்து அதற்கேற்றதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சகலை தன் தோளில் வைத்துப் பார்த்தார். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. அவரும் அக்காவும் ஒரே உயரம், ஆகவே தனக்குப் பொருந்தினால் அவளுக்கும் பொருந்தும் என்று முடிவு செய்தார். லிஃப்ட்டில் இப்படியெல்லாம் முடிவு செய்ய மாட்டார், செய்தால் வேலை போய்விடும்.

அந்த வார இறுதியில் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். அக்கா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாளாம். எடை எவ்வளவு இருக்கலாம், குழல் எவ்வளவு நீளம், கட்டை கன்னத்தில் எங்கே பட வேண்டும். கடையில் மேசைமேல் ஒரு பெட்டி தயாராக இருந்தது. மேலே அவள் பெயர்ச் சீட்டு.

"சர்ப்ரைஸ்!" என்றார் சகலை. "எல்லாம் நான் பார்த்துட்டேன். நீ கையெழுத்து மட்டும் போடு."

அக்கா போட்டாள்.

5

இங்கேதான் எனக்கு என் கதாபாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. பல்செட்டில் மயிரிழை பிசகினாலும் விடாதவள், எடுத்துக்கூடப் பார்க்காமல் எப்படிக் கையெழுத்துப் போட்டாள்?

கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்ததால் என்று எழுதினேன். அக்கா அப்படி மற்றவர்களுக்குக் கூச்சப்படுகிறவள் இல்லை. பழக்கம் என்று எழுதினேன். அதில் உண்மை உண்டு, ஆனால் சப்பென்று இருக்கிறது. சகலையின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து என்று எழுதினேன், அதை அடிக்கவில்லை. அந்த மனிதர் அவளை எவ்வளவோ நேசிக்கிறார். அவரை ஏமாற்றமடைய வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. அவளுக்கு வந்த ஏமாற்றத்தை வாங்கி வைத்துக்கொள்ளத்தான் அங்கே ஆள் இல்லை.

அடுத்து வந்த ஞாயிறுகளில் அக்கா புதுத் துப்பாக்கியை வலத் தோளில் வைத்துச் சுட்டாள். குண்டெல்லாம் தட்டுக்கு இடப்பக்கமாகவே போயின. கட்டை கன்ன எலும்பில் இடித்து வீங்கிவிட்டது. சகலை பின்னால் நின்று, தான் படித்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

திடலின் பயிற்சியாளர் ஒரு பெண். வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். ஒரு ஞாயிறு அவர் வந்து துப்பாக்கியை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார்.

"இது லெஃப்ட் ஹேண்ட் கட்டைங்க. யார் பார்த்து வாங்கினது?"

சகலை வானத்தைப் பார்த்தார். அந்த நேரம் அங்கே தட்டு எதுவும் பறக்கவில்லை.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் கையும் களவுமாகப் பிடிபட்டிருந்தார். அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு குளுமை பரவியிருக்கும் என்று நினைக்கிறேன். பரவட்டும், நீங்களும் கொஞ்சம் அனுபவியுங்கள். நீண்ட நேரம் நீடிக்காது.

"எதுக்கும் கண்ணைப் பார்த்துடலாம்" என்றார் நர்ஸ். "ரெண்டு கையையும் நீட்டி நடுவுல ஒரு ஓட்டை வைங்க. ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சு, ஓட்டை வழியா என் மூக்கைப் பாருங்க. வாயை மூடுங்க, கண்ணை மட்டும் தொறங்க."

நர்ஸின் பக்கத்திலிருந்து பார்க்கையில் அந்த ஓட்டையில் தெரிந்தது அக்காவின் இடது கண்.

"வலதுகைக்காரங்கதான் நீங்க. ஆனா குறி பார்க்கிறது உங்க இடது கண்ணு. வலத் தோள்ல வச்சா எல்லாம் இடப்பக்கம்தான் போகும். இடத் தோளுக்கு மாத்திக்கோங்க. அதுக்கு இந்தக் கட்டை கச்சிதம். நீங்களா எடுத்திருந்தா வலது கட்டைதான் எடுத்திருப்பீங்க, தப்பாப் போயிருக்கும்."

வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சகலை மெல்லத் தலையை இறக்கினார்.

"அதான்!" என்றார். "நான் எதையும் யோசிக்காம வாங்க மாட்டேன்."

அக்கா நர்ஸிடம் கேட்டாள். "இவருக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருக்குமா?"

"வாய்ப்பே இல்லம்மா. நீங்க கையை நீட்டற வரைக்கும் எனக்கே தெரியாது."

"பார்த்தியா, டாக்டருக்கே தெரியல" என்றார் சகலை. அவர் டாக்டர் இல்லை என்பதை யாரும் திருத்தவில்லை. அக்கா துப்பாக்கியைப் பெட்டியில் வைத்தாள்.

6

எனக்கு இருக்கும் முடிவுகளைக் கடைவிரிக்கிறேன்.

முதல் முடிவு. அடுத்த ஞாயிறு அக்கா இடத் தோளுக்கு மாற்றுகிறாள். தட்டுகள் ஒவ்வொன்றாகத் தூளாகின்றன. சகலை கைதட்டுகிறார். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லோரும், கேஸ் சிலிண்டர் போட வருபவர் உட்பட, அவர் துப்பாக்கி தேர்ந்தெடுத்த கதையைக் கேட்டாக வேண்டும். உடையும் ஒவ்வொரு தட்டும் அவருடையது.

இரண்டாம் முடிவு. அக்கா வலத் தோளை விடுவதில்லை. தன்மானம் காப்பாற்றப்படுகிறது. தட்டுகளும் காப்பாற்றப்படுகின்றன. கன்னம்தான் பாவம்.

(துப்பாக்கியை விற்றுவிட்டு வேறு வாங்கலாமே என்று கேட்பீர்கள். சரியான துப்பாக்கியை, சரியானது என்பதற்காகவே விற்பதா? அந்தக் கதையை என்னால் எழுத முடியாது. அக்காவாலும் அதை வீட்டில் சொல்ல முடியாது.)

இந்த இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே மூன்றாவதை நானாக இட்டுக்கட்டினேன்.

பல்செட்டு வேலையில் கடைசிக் கட்டம் ஒன்று உண்டு. அச்சுக்குள் அக்ரிலிக்கை அடைத்து, மூடி, வெந்நீர்த் தொட்டிக்குள் வைத்துவிட வேண்டும். அது மெதுவாக வேகும். அவசரப்படுத்தினால் நுரைத்துவிடும். அதுவரை செய்பவளுக்குக் கையில் வேலை இல்லை. அப்படி ஒரு ________க்கிழமை மதியம், தொட்டியை மூடிவிட்டு, அக்கா வீட்டுக்குப் போய் இரும்புப் பெட்டியைத் திறக்கிறாள். சகலை எங்கோ ஒரு கட்டடத்தில் பத்தாவது மாடிக்கும் பதினொன்றுக்கும் நடுவே டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறார். திடலில் கூட்டமில்லை. அக்கா இடத் தோளில் வைக்கிறாள். "விடு!" உடைகிறது. "விடு!" உடைகிறது. கைதட்ட ஆள் இல்லை. தொட்டி ஆறுவதற்குள் திரும்பிவிடுகிறாள். ஞாயிறு வந்ததும் சகலையோடு போய், அதே துப்பாக்கியை வலத் தோளில் வைத்து, எல்லாவற்றையும் ஒழுங்காகத் தவறவிடுகிறாள். "பொறுமையா இரு, வந்துடும்" என்கிறார் அவர். "சரிங்க" என்கிறாள்.

7

எழுதி முடித்ததும் பயம் வந்தது. உறவு விஷயம். அக்காவுக்கே போன் போட்டு, எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். குறட்டைக்குச் சிரித்தாள். முதல் இரண்டு முடிவுகளுக்கும் "ம்" கொட்டினாள். மூன்றாவதை வாசிக்கும்போது அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த, பல்செட்டைத் தேய்க்கும் மோட்டார் நின்றது.

"தம்பி, இதை உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. கற்பனைதான்."

"திடலுக்கு எப்பவாவது வந்தீங்களா?"

"இல்லக்கா. நான் எதுக்கு அங்க வரப்போறேன்?"

நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன்.

"நல்லா இருக்கு, அப்படியே போடுங்க" என்றாள். "கிழமையை மட்டும் மாத்திடுங்க."

மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது.

நான் எழுதியிருந்த கிழமையை அடித்துவிட்டேன். வேறொன்றைப் போட உட்கார்ந்தால் கை வரவில்லை. நான் எதைப் போட்டாலும் அதுவும் நான் அவளுக்காகப் பார்த்து வைத்ததாகத்தான் இருக்கும். ஆகவே கோடிட்ட இடத்தை உங்களிடம் விடுகிறேன். வேண்டுமானால் நிரப்பிப் பாருங்கள். சரியா தவறா என்று எனக்குத் தெரியாது, தெரிந்தவள் சொல்லப்போவதில்லை.