நூல் கிடைக்குமிடம்

“புத்தகம் வேணும்னா ஆளுங்க எங்க வந்து வாங்கறது, தங்கச்சி?”

கிள்ளானில் அச்சகம் வைத்திருக்கும் கொர்னேலியஸ் அங்கிள் இப்படிக் கேட்டபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாராவது நேராக ஒன்றைக் கேட்டால் எனக்கு வார்த்தை வராது. ‘கடையில’ என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

“சரி லா, நானே பாத்துக்கறேன்” என்று சிரித்தார். பெட்டிகளை வீட்டில் இறக்குவதற்காக நான் எழுதிக் கொடுத்திருந்த முகவரிச் சீட்டை எடுத்துக் கணினியின் ஓரத்தில் ஒட்டினார். அதைப் பார்த்தேன். எதற்கென்று கேட்கவில்லை.

புத்தகம் வந்த அன்று அட்டையைத் தடவிப் பார்த்தேன். நேராக முதல் கதைக்குப் போய்விட்டேன். பதிப்பு விவரப் பக்கத்தை யார் படிப்பார்கள்? இரண்டு வாரம் கழித்து, வேறொரு பிழையைத் தேடும்போதுதான் கண்ணில் பட்டது. ‘நூல் கிடைக்குமிடம்.’ அதன் கீழே எங்கள் பிளாட்டின் பெயர், நான்காவது மாடி, கதவு எண். மற்றவர்கள் சொந்தமாகப் போடும் புத்தகங்களிலும் அப்படித்தான் இருக்கும். அங்கிளைக் குறை சொல்ல முடியாது.

அந்த முகவரி வெளியே தெரியக்கூடாது என்றுதான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன்.

எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பந்திங்கிலிருந்து பஸ் ஏறினாள். அவள் இடது கையில் கட்டுப் போட்டிருந்தது. அப்பா என் நோட்டுப் புத்தகங்களை வாசலில் போட்டுக் கொளுத்திய மறுநாள் அது. நோட்டுகளைக் காப்பாற்றப் போனபோது அப்பா தள்ளிவிட்டதில்தான் அம்மாவின் கை உடைந்தது. புதுப் பள்ளியில் சேர வேண்டுமென்றால் பழைய பள்ளியிலிருந்து கடிதம் வேண்டும். கடிதம் கேட்டால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் நான் வீட்டில் உட்கார்ந்து ரவிக்கை தைத்தேன். தைக்காத நேரத்தில் மறுபடியும் நோட்டில் எழுதினேன். நான்கு வருடத்தில் எழுதியதுதான் புத்தகம். மலர் என்ற பெயரில் போட்டேன். ஷாமினி என்ற என் பெயர் எங்கும் இல்லை. ஆனால் நோட்டு எரிந்த கதை அதில் இருந்தது. எரித்தவருக்கு அது தன் வீடு என்று தெரியாமலா போகும்?

அம்மாவிடம் சொல்லவில்லை. கறுப்பு மார்க்கர் பேனா ஒன்றை வாங்கிக்கொண்டு, புத்தகம் கொடுத்திருந்த பூஜைச் சாமான் கடைக்குப் போனேன். கற்பூர டப்பாக்களுக்குப் பக்கத்தில் ஏழு புத்தகம் இருந்தது. பத்து கொடுத்திருந்தேன்.

“மூணு போயிருச்சு தங்கச்சி!” என்றார் கடைக்காரர் தம்புசாமி அண்ணே. “ஒண்ணு ஒரு டீச்சர் வாங்குனாங்க. ஒண்ணு என் பொண்டாட்டி எடுத்துட்டுப் போயிட்டா, அத கேக்காத. இன்னொண்ணு தேங்கா லோரி அண்ணே. பந்திங்லேருந்து சாமான் இறக்க வந்த ஆளு. லோரி எஞ்சின ஓடவிட்டுட்டு இங்கயே நின்னு படிக்கிறாரு! நான்தான் சொன்னேன், அண்ணே, இது லைப்ரரி இல்ல, வாங்கிட்டுப் போய்ப் படிங்கன்னு.”

அப்பா ஓட்டியது எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி. தேங்காய் லோரி அல்ல. ஆனால் நான்கு வருடத்தில் ஒருவர் வேலை மாறியிருக்கலாம். எப்படி இருந்தார் என்று கேட்க வாய் திறந்தேன். காற்றுதான் வந்தது. ஏழு புத்தகத்திலும் முகவரியைக் கறுப்படித்துவிட்டுத் திரும்பினேன். அன்று முதல் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் தையல் மெஷினை நிறுத்திவிடுவேன்.

மீதி ஐம்பது புத்தகம் பிரிக்பீல்ட்ஸில் உஷாராணி அக்காவிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபத்தில் நடக்கும் விற்பனையில் அவருக்கு ஒரு மேசை உண்டு. பித்தளை விளக்கு, கோல ஸ்டிக்கர், அவற்றோடு உள்ளூர்ப் புத்தகங்கள். அந்த ஞாயிறு மதியம் கொமுட்டர் ரயில் பிடித்து அங்கே போனேன். ஒவ்வொரு புத்தகமாகத் திறந்து கறுப்படித்தேன்.

“என்னடி இது, சென்சார் ஆபீஸரா நீ?” என்றார் அக்கா.

“அட்ரஸ் தப்பு அக்கா.”

“அதுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? சாப்பிட்டியா இல்லியா? சரி, நீ இங்கயே உக்காரு. எழுத்தாளரே வந்திருக்காங்கன்னு வாட்சப்ல எல்லா குரூப்லயும் போட்டுட்டேன். கூட்டம் வரும் பாரு.”

எழுந்து போக நினைத்தேன். பதினெட்டுப் புத்தகம் பாக்கி இருந்தது. முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் முறுக்கு விற்ற ஆன்டி ஒரு புத்தகம் வாங்கினார். இரண்டு காலேஜ் பெண்கள் கையெழுத்துக் கேட்டார்கள். கடைசிப் புத்தகத்தை மூடியபோது மூன்றே முக்கால்.

மேசைமேல் ஒரு நிழல் விழுந்தது.

முகத்துக்கு முன்னால் கையைத்தான் பார்த்தேன். வலது கட்டைவிரலில் நகம் இல்லை. லோரிக் கதவில் சிக்கிப் போன நகம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த விரலைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறேன்.

அப்பா இளைத்திருந்தார். மீசை நரைத்திருந்தது. கையிலிருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். என் புத்தகம்தான். அட்டையில் எண்ணெய்க் கறை. நான் கறுப்படித்த புத்தகங்களில் ஒன்றல்ல அது.

“வாங்க அண்ணே! வாட்சப் பாத்து வந்தீங்களா? புக்க ஏற்கெனவே வாங்கிட்டீங்களா?” என்றார் உஷாராணி அக்கா. “எழுதின புள்ளையே இதுதான். கையெழுத்து வேணுமா?”

அப்பா அந்த விரலால் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

திறந்தேன். முதல் தாள் இருந்தது. அடுத்தது கதை. இடையில் முகவரி இருக்க வேண்டிய தாளைப் பிளேடு வைத்து ஒழுங்காக அறுத்திருந்தார். நிமிர்ந்தேன். அவருடைய வெள்ளைச் சட்டைப் பையில் நான்காக மடித்த தாள் இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். லேசாகச் சிரிப்பது போல் இருந்தது.

நாலு மணிக்கு அம்மாவுக்குக் கான்டீனில் வேலை முடியும். நாலரைக்கு அவள் பிளாட்டின் பூட்டைத் திறப்பாள்.

போனை எடுத்தேன். இரண்டு முறை தவறான இடத்தைத் தொட்டேன். மூன்றாவது முறை மணி அடித்தது.

“என்னாடி? வேலையா இருக்கேன்” என்றாள் அம்மா.

அப்பா அசையவில்லை. நான் பேசமாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

“அம்மா, வீட்டுக்குப் போவாத.” என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. “அப்பா என் முன்னால நிக்கிறாரு. நம்ம அட்ரஸ் அவருகிட்ட இருக்கு.”

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது.

“கேக்குதாம்மா? கான்டீன்லயே இரு. ஆளுங்க கூடவே இரு. நான் பாலாய் போலீஸ்ல புகார் குடுத்துட்டு உன்கிட்ட வரேன்.”

கத்தியிருக்கிறேன் போல. முறுக்கு ஆன்டி எழுந்து நின்றார். காலேஜ் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். உஷாராணி அக்கா மேசையைச் சுற்றி வந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றார்.

“அண்ணே, பையில என்ன அது? எடுத்து மேசையில வைங்க” என்றார்.

அப்பா சட்டைப் பைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். அவர் அந்தத் தாளைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இனி அந்த வீட்டுக்கு நாங்கள் போக முடியாது. தையல் மெஷின் அங்கே இருக்கிறது. எழுதி முடிக்காத நோட்டு அங்கே இருக்கிறது. போனில் அம்மா என் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் சுற்றி நின்றவர்களின் முகத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். பிறகு, பையிலிருந்து கையை எடுக்காமலே, மேசைகளுக்கு நடுவில் மெதுவாக நடந்து வெளியே போனார்.