ஃப்ரீசருக்கு ஒரு பூப்போட்ட சட்டை

"கீ... கீ... கீ..." கட்டடமே அதிரும்படி அலறியது புது ஃப்ரீசர்.

அப்போதுதான் வந்திறங்கிய டாக்டர் நிவேதிதா காரைப் பூட்டக்கூட மறந்து உள்ளே ஓடினாள். பூந்தமல்லிக்கு அப்பால் அந்தப் பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கும் உயிரித் தொழில்நுட்ப மையத்துக்கு அவள்தான் தலைவி. மைனஸ் எண்பதில் இருக்க வேண்டிய ஃப்ரீசர் மைனஸ் அறுபத்திரண்டைக் காட்டியது. மேல்தட்டில் உவர்நிலத்து நெல் வேர்களில் எடுத்த நுண்ணுயிர்கள்; கீழ்த்தட்டில் டெங்கு நோயாளிகளின் ரத்த மாதிரிகள். நேற்றுதான் பழைய கட்டடத்திலிருந்து மாற்றினாள். உருகினால் ஆறு வருட உழைப்பும் போச்சு.

"வரதன்! யாராவது இதுல கை வெச்சாங்களா?"

ஸ்டோர் கீப்பர் வரதனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் கீறப்போ ஒரு தூசு வுயுமா மேடம் இது மேல?"

உண்மைதான். வந்திறங்கும் ஒவ்வொரு கருவியையும் அவர் புது மாப்பிள்ளையைப் போலத் தாங்கினார். மைக்ராஸ்கோப்புக்கு ஓர் உறை, தராசுக்கு ஓர் உறை. ஃப்ரீசருக்கோ, கரையான்சாவடி டெய்லரிடம் அளவு கொடுத்து, ரோஜாப்பூத் துணியில், எண் தெரிய மட்டும் ஓட்டை விட்டு, தரை வரை கொசுவம் வைத்துத் தைத்த உறை. நேற்று மாலைதான் மாட்டியிருந்தார்.

சர்வீஸ் இன்ஜினீயர் முகமது ஆசிக்குக்குப் போன் போட்டாள்.

"ஆவடி சிக்னல்ல மாட்டிக்கினேன் மேடம். கீய, முன்பக்கம் ஜல்லடை மாதிரி கீது பாருங்க. அது வழியாத்தான் மெஷின் மூச்சு வுடும். காத்து இழுக்குதான்னு கை வெச்சுப் பாருங்க."

குனிந்து தடவினாள். "இங்க ரோஜாப்பூதான் இருக்கு."

"இன்னாது, பூவா?"

உறையைத் தூக்கினாள். அதற்கும் அடியில், சல்லடை மேல் கம்பெனி ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாள் கசங்காமல் இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கிழித்தாள். ஃப்ரீசர் 'ஹூம்' என்று பெருமூச்சு விட்டது. அரை மணி நேரம் அவள் எண்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அறுபத்து மூன்று... அறுபத்து நான்கு... எழுபதைத் தொட்டதும் அலறல் நின்றது.

"புதுசுன்னா பிரிக்காம மூடியே வெப்பாங்களா? படிச்சவங்க யாராவது இப்படிச் செய்வாங்களா, வரதன்?"

கிழிந்த ரோஜாக்களை மடித்தபடி வரதன் சொன்னார்: "இன்னா மேடம், நீங்க கார் வாங்கி ரெண்டு வருசமாச்சு, சீட்டு மேல பிளாஸ்டிக் கவரு இன்னும் அப்டியே கீது... பெரிய படிப்பு படிச்சவங்களே பிரிக்கலன்னுதான் நானும் வுட்டுட்டேன்."