மூக்கு திறந்த பிறகு

விடுதிச் சமையல்காரருக்கு இரண்டு வருடமாக மூக்கு வெறும் அலங்காரம்தான். உள்ளே சதை வளர்ந்து அடைத்துவிட்டது. பால் திரிந்தாலும் தெரியாது, அடி பிடித்தாலும் தெரியாது. அவர் மனைவிதான் பக்கத்தில் நின்று மோந்து பார்த்து, யார் கண்ணிலும் படாமல் தலையாட்டுவாள். அந்தக் குட்டு ஒருநாள் உடைந்தது. வாசனை திரும்பாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"முகத்துல கத்தியே படாது. மூக்கு வழியா கேமரா வச்ச குழாயை விட்டு சதையை எடுத்துருவோம். சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்," என்றார் மருத்துவர். "அதுக்கப்புறம்தான் பொறுமை வேணும். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்முங்க. கொஞ்ச நாளைக்கு குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. வாசனை மெதுவாத்தான் வரும். வராமலும் போகலாம்."

கடைசியாகச் சொன்னதைக் காதில் வாங்காதவர்கள்போல இருவரும் எழுந்தார்கள்.

எல்லாம் மருத்துவர் சொன்னபடியே நடந்தது. ரத்தம் கலந்த சளி வழிந்தது. சமையல்காரர் தலையணையை உயர்த்தி, வாயால் மூச்சுவிட்டுத் தூங்கினார். உப்புநீர் விட்டுக் கழுவினால் பொருக்குப் பொருக்காக வந்தது. ஆனால் அடுப்புக்கு ஏது ஓய்வு? அவர் நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட, அண்டாக்களை மனைவி தூக்கினாள்.

"மகாராஜா வாயை மட்டும் அசைச்சாப் போதும்," என்று அவளுடைய கேலி வேறு.

ஒரு காலையில் சோப்பு மணத்தது. பிறகு வேகும் அரிசி. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அவளிடம் சொல்ல அறைக்கு ஓடினார். கட்டிலில் உட்கார்ந்து காலில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். நாற்றம் அவரை வாசலிலேயே நிறுத்தியது.

"என்ன அது?"

"கால்ல அண்டா விழுந்துருச்சு. சர்க்கரை உடம்பு, வலியே தெரியலை. நாறுதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதேன்னு விட்டுட்டேன். நான் படுத்துட்டா யார் தூக்குறது?" சட்டென்று அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "வாசனை வந்துருச்சா?"

"வந்துருச்சு."

அவள் முகமெல்லாம் சிரிப்பு. அவர் அந்தத் துணியை அவிழ்த்தார். விரல்களிலிருந்து கறுப்பு பாதம்வரை ஏறியிருந்தது. கெட்டுப்போன கறி எத்தனை பார்த்தவர். இந்தக் கால் இனி அவளுக்கு இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.