எழில்மதியின் அறையில் ஆம்பளைக் குரல்

"தப்பா நெனச்சுக்காத தனசேகரா. உன் பொண்ணு ரூம்ல ஆம்பள சத்தம் கேக்குது."

கண்ணாயிரம் இதைச் சொன்னபோது தனசேகரன் கரும்புத் தோட்டத்தில் மடை மாற்றிக்கொண்டிருந்தார். கண்ணாயிரம் அவருக்குப் பெரியப்பா மகன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வரப்பில் போய்விட்டார். தண்ணீர் எந்தப் பாத்திக்குப் போகிறது என்பதே தனசேகரனுக்கு மறந்துபோனது.

அவர் காதிலும் அது விழாமல் இல்லை. மகள் எழில்மதி ரஷ்யாவில் டாக்டருக்குப் படித்து முடித்து, அந்த மழைக்காலத்தில்தான் கச்சிராயபாளையம் திரும்பியிருந்தாள். இங்கே வைத்தியம் பார்க்க இன்னொரு பரீட்சை எழுத வேண்டுமென்று அறையைச் சாத்திக்கொண்டு படித்தாள். அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்துதான் குரல் வரும். பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை, ஏதோ ஓர் உறுமல். மொழியும் புரியாது. அவர் கதவைத் தட்டினால் சட்டென்று அடங்கிவிடும்.

"அது இன்னா சத்தம்?" என்று மனைவி பெரியநாயகியைக் கேட்டார்.

"பாட்டு கேக்குறா. அந்த ஊருப் பாட்டாம்."

"பாட்டுன்னா நான் போனா ஏன் நின்னுபூடுது?"

"புள்ள படிக்கிறா, சும்மா கெடங்க." அரிசி களைந்த தண்ணீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றப் போய்விட்டாள். அவள் முகம் கொடுத்துப் பேசாதது அவருக்கு உறுத்தியது. தாயும் மகளும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள்.

அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் சந்தேகம். மகள் போனைக் கவிழ்த்து வைத்தாலும் சந்தேகம், சாப்பிடும்போது கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாலும் சந்தேகம். வெள்ளைக்காரன் ஒருத்தன் போனில் வந்து திட்டுகிறான், இவள் வாயை மூடிக்கொண்டு கேட்கிறாள் என்று அவராகவே முடிவு கட்டினார். அங்கேயே தாலி கட்டிக்கொண்டு வந்துவிட்டாளோ? அந்த நினைப்பு வந்த நாளில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் காலை, கோமுகி அணை வரைக்கும் போய் வருகிறேன் என்று எழில்மதி ஸ்கூட்டியை எடுத்தாள். தனசேகரன் கொஞ்சம் இடைவெளி விட்டு பைக்கில் பின்னாலேயே போனார். அணையில் அவள் நிற்கவில்லை. கல்வராயன் மலை ஏறும் ரோட்டில் திரும்பினாள். அவரும் திரும்பினார்.

சில வளைவுகள் தாண்டியதும் ஸ்கூட்டி ஓரமாக நின்றிருந்தது. மகளைக் காணோம். பைக்கை நிறுத்தி இறங்கியவர் காதில் அந்தக் குரல் விழுந்தது. அதே உறுமல், பெரிய பாறைக்குப் பின்னாலிருந்து. ஆள் இங்கேயே வந்துவிட்டான்! காய்ந்த கட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு, "எவன்டா அவன்?" என்று பாறையைச் சுற்றி ஓடினார்.

அங்கே எவனும் இல்லை. காலை அகட்டி நின்று, காதில் இயர்போனோடு, தலைமுடி முகத்தில் விழ, தாளத்துக்குக் கழுத்தை வீசிக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தாள் எழில்மதி. உறுமல் அவள் வாயிலிருந்து வந்தது.

"அப்பா?" இயர்போனைக் கழற்றிவிட்டு அவள் கூப்பிட்டது எப்போதும்போல மெல்லிய குரலில்.

"எங்க அவன்?"

"எவன்?"

"கத்துனவன்."

"நாந்தாம்பா கத்துனேன்."

அவர் நம்பவில்லை. பாறையைச் சுற்றிப் பார்த்தார். சரிவில் எட்டிப் பார்த்தார். மூங்கில் புதரும் மேய்கிற ஆடுகளும்தான் இருந்தன.

"எங்க, திருப்பிக் கத்து."

அவள் கூச்சத்தோடு தொண்டையைச் செருமினாள். பிறகு அடிவயிற்றிலிருந்து இழுத்து விட்டாள். தனசேகரன் தன்னை அறியாமல் பின்னால் நகர்ந்தார். கையிலிருந்த கட்டை விழுந்தது.

"பேய் கீய் எதுனா..."

"அதெல்லாம் இல்லப்பா. மெட்டல்னு ஒரு பாட்டு, இப்பிடி உறுமித்தான் பாடுவாங்க. ஒக்காரு, இத கேளு." இயர்போனை அவர் காதில் செருகினாள்.

முதலில் அவருக்கு எல்லாம் ஒரே இரைச்சலாக இருந்தது. கரும்பு ஆலையின் உருளையில் இரும்பைக் கொடுத்து அரைப்பது மாதிரி கிடார்கள். மத்தளமா இயந்திரமா என்று தெரியாத அடி. எடுத்துவிடலாமென்று காதுக்குக் கை போனபோது அத்தனை சத்தமும் ஒரே நொடியில் நின்றது. ஒரு மூச்சளவு ஒன்றுமில்லை. பிறகு வாசிக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து அடித்தார்கள், முன்னைவிட வேகமாக. கூழ் ஊற்றும் திருவிழாவில் சாமி இறங்குவதற்கு முன்னால் பம்பைக்காரர்கள் பிடிக்கிற வேகம் அது. அவ்வளவு ஓட்டத்திலும் ஓர் அடி பிசகவில்லை. அவருக்குக் கைமயிர் சிலிர்த்தது. மகள் பார்த்துவிடக் கூடாதென்று துண்டால் மூடிக்கொண்டார்.

"பாடுறவன் யாரு?"

"பாடுறவன் இல்ல, பாடுறவ." போனில் படத்தைக் காட்டினாள். கண்ணாடி போட்டு, முடியை ஒட்ட வெட்டி, பேங்கில் வேலை பார்ப்பவள் மாதிரி ஒரு பெண்.

"இவளா? பொய் சொல்லாத."

"சத்தியமாப்பா. மொத வருசம் அனாடமில பெயிலாயிட்டேன். பனில வெளிய போக முடியாது. போன்ல நல்லா இருக்கேன்னு உங்கிட்ட சொல்லிக்கினே இருந்தேனே, அப்ப நல்லால்ல. அடுத்த ரூம் பொண்ணு இத சத்தமா போட்டுக்கினு இருந்தா. சண்ட போடத்தான் போனேன். மொத்த ஆல்பமும் முடியறவரைக்கும் அங்கியே நின்னுட்டேன்."

"இப்ப எதுக்குக் கத்துற?"

"பரீட்ச பயம். கத்துனா கொஞ்சம் கம்மியாவுது."

தனசேகரன் கீழே பச்சையாய்க் கிடந்த வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். நீ பயந்துக்குவன்னு சொல்ல வேணாம்னுட்டா."

சாயங்காலம் கண்ணாயிரம் வந்து உட்கார்ந்து, "வெசாரிச்சியா?" என்றார்.

"விசாரிச்சேண்ணா. அது எம் பொண்ணு கொரலு."

கண்ணாயிரம் சிரித்தார். "பொய்யும் பொருந்தச் சொல்லணும், தனசேகரா."

தனசேகரன் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "எழிலு, பெரியப்பா நம்ப மாட்றாரு. ஒருதரம் காட்டும்மா."

அவள் தயங்கி அம்மாவைப் பார்த்தாள். பெரியநாயகி தலையசைத்தாள். அடுத்த நொடி முற்றத்துக் கோழிகள் நாலா பக்கமும் சிதறின. கண்ணாயிரம் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

அந்த வாரமே தெருவில் வேறு பேச்சு கிளம்பியது: தனசேகரன் மகளை மலையில் ஏதோ காத்து கருப்பு அடித்துவிட்டதாம். எந்தக் கோயிலில் மந்திரித்தால் விலகும் என்று சிலர் வீடு தேடி வந்து சொன்னார்கள். தனசேகரன் எல்லாருக்கும் மோர் கொடுத்துக் கேட்டுக்கொண்டார். அவர்களை அனுப்பிவிட்டு வந்து மகளின் கதவைத் தட்டினார். உள்ளே சத்தம் அடங்கியது.

"நிறுத்தாத," என்றார். "கதவத் தெறந்து வையி. இங்க சரியா கேக்கல."