கடா மாற்றும் நாள்

தப்புச் சத்தத்துக்கு நடுவே லொறி ஹோர்ன் கேட்டதும் சோலைமலை கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தார். லயத்து வீட்டு வரிசையின் முனையில், வெள்ளைக் கொடி கட்டிய கம்பத்தடியில், கந்தப்பளை ரிஸ்வியின் சின்ன லொறி நின்றது. பின்னால் பலகை அடைப்புக்குள் ஒரு செம்மறிக் கடா கழுத்தை நீட்டிக் கூட்டத்தை வேடிக்கை பார்த்தது.

இன்றைக்குக் கடா மாற்றும் நாள். அது அவருக்கு அடியோடு மறந்து போயிருந்தது. இதையெல்லாம் நினைவு வைத்துக்கொள்கிறவள் மனைவி மீனம்மாதான். அவள் உள்ளே பெட்டிக்குள் கிடந்தாள். மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு.

ரிஸ்வி இறங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தார். பதினைந்து வருடமாக மீனம்மாவிடம் குட்டி வாங்குகிற வியாபாரி.

"வளைவுல கொடியப் பாத்த பொறகுதான் தெரியும் அண்ணே. யாருன்னு கேட்டா நம்ம அக்காங்கிறாங்க" என்றார்.

மீனம்மா கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டு இரண்டு பெட்டை ஆடுகளோடு தொடங்கிய பட்டி அது. இப்போது நாற்பத்திரண்டு. இரட்டைக் குட்டி போட்டு, இரண்டுக்கும் பால் கொடுத்து வளர்க்கிற தாயின் பெட்டைக் குட்டியை யார் கெஞ்சினாலும் விற்கமாட்டாள். கடாக்குட்டிகளைத்தான் விற்பாள். குர்பானிக்கு ஆடு அறுக்கிற ஹஜ்ஜுப் பெருநாள் வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து வரும் கணக்கு, கதிரேசன் கோயில் திருவிழாவைவிட அவளுக்கு அத்துப்படி. அதற்கு வயது நிரம்பி நிற்கிற மாதிரிப் பார்த்துத்தான் கடாவைச் சேர்க்க விடுவாள். இந்த டயகமத் தோட்டத்துக் குட்டி என்றால் ரிஸ்வியின் ஆட்கள் வயது பார்க்கப் பல்லைக்கூடப் பிடித்துப் பார்க்கமாட்டார்கள்.

கடா மட்டும் இரண்டு வருடத்துக்கு மேல் பட்டியில் நிற்கக்கூடாது. அதற்குள் அதன் பெட்டைக் குட்டிகள் வளர்ந்து சேரும் பருவத்துக்கு வந்துவிடும். அப்பனும் மகளும் சேர்ந்தால் குட்டி உருப்படாது என்பாள். அதனால் கந்தப்பளைப் பட்டிக்கும் இவளுக்கும் ஒரு ஏற்பாடு: இங்கே இருப்பது அங்கே போகும், அங்கே இருப்பது இங்கே வரும். தூக்கிக்கொண்டு போய் விடுவது ரிஸ்வியின் வேலை.

வருகிற கடாக்களுக்குத் தோட்டத்து அதிகாரிகளின் பெயர் வைப்பதில் மீனம்மா பழைய பாக்கியை எல்லாம் தீர்த்துக்கொண்டாள். முதல் கடா துரை. அடுத்தது கணக்கப்பிள்ளை. அப்புறம் இன்னும் நாலைந்து பேர். இப்போது இருப்பது கண்டாக்கு. "டேய் கண்டாக்கு, இங்க வாடா" என்று அவள் பட்டியில் நின்று கத்துவதைக் கேட்டு, வேலை மேற்பார்க்கிற தோட்டத்து நிஜக் கண்டாக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்ததாக லயமே சிரித்தது.

"பழைய கடா நிக்கட்டும் அண்ணே" என்றார் ரிஸ்வி தணிந்த குரலில். "அக்கா ஞாபகமா வச்சுக்கங்க. கந்தப்பளைக்காரங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன். நான் கொண்டாந்தத லிந்துலையில ஒருத்தர்கிட்ட எறக்கிடுறேன், அவரு ரொம்ப நாளா கேக்குறாரு."

கொழும்பிலிருந்து வந்திருந்த மகன் நிரோஷனும் அதையேதான் சொன்னான். "ஆமாப்பா. அம்மா கையால தின்ன கடா. சாவு வீட்டுல இன்னைக்குப் போயி ஆடு ஏத்துவாங்களா? பெருசுங்களும் கூடாதுங்கிறாங்க."

"வேற கடா எப்பக் கெடைக்கும்?" என்று கேட்டார் சோலைமலை.

"அதச் சொல்ல ஏலாதண்ணே. கந்தப்பளையில மாத்துக்கு மாத்துத்தான். இத விட்டா தை பொறக்கணும்."

அவருக்கு வேறென்ன வேண்டும்? ஊரே சேர்ந்து வேண்டாம் என்கிறது. தலையை ஆட்டினால் போதும். அவர் தலையை ஆட்டாமல் லயத்துக்குப் பின்னாலிருந்த பட்டியை நோக்கி நடந்தார்.

கண்டாக்கு அவரைக் கண்டதும் ஓடி வந்து சட்டைப் பையில் மூக்கை நுழைத்தது. மீனம்மா ரொட்டித் துண்டு வைத்திருந்து பழக்கிய பழக்கம். அவள் படுக்கையில் விழுந்த பிறகு, இரண்டு மாதமாக ஒவ்வொரு காலையும் இதை ஜன்னலுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்துவார். அவள் கையை நீட்டி நெற்றியைச் சொறிந்து கொடுப்பாள். முந்தாநாள் கை அவ்வளவு தூரம் எட்டவில்லை. கடாவே தலையை உள்ளே விட்டது. அதே நெற்றியில் இப்போது அவர் கையை வைத்தார். நேற்றிலிருந்து வராத அழுகை அங்கேதான் வந்தது. விம்மி விம்மி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

துரைக்கும் இப்படித்தான் அழுதார். அப்போது லொறி வருகிற நாளன்று விடியவே கடாவை ஓட்டிக்கொண்டுபோய், ஆற்றோரக் காட்டில் மூன்று நாள் கட்டி வைத்தார். காணாமல் போய்விட்டது என்று சொன்னதை ரிஸ்வி நம்பி, கொண்டுவந்த கடாவைத் திருப்பிக் கொண்டுபோனார். அடுத்த ஈற்றில் துரையின் மகள்களான இளம் ஆடுகள் போட்ட குட்டிகளில் ஏழு, கால் வளைந்து பிறந்தன. மூன்று எழுந்து நிற்கவே இல்லை. மீனம்மா ஒவ்வொன்றாக மடியில் போட்டுப் பால் புகட்டிப் பார்த்தாள். ஒன்றும் தங்கவில்லை. வாங்க வந்தவர்களிடம் "நோவு விழுந்திருச்சு" என்று சொல்லிவிட்டாள். அந்த வருடம் முழுக்கப் பட்டிப் பக்கம் யாரும் வரவில்லை.

அவரை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு லொறி வருகிற நாளில் மட்டும், "அக்கரப்பத்தனைக்குப் போயி மண்ணெண்ணெய் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவாள். வீட்டில் மண்ணெண்ணெய் இருந்தாலும் அனுப்புவாள். அவரும் போவார். திரும்பி வரும்போது பட்டியில் வேறு கடா நிற்கும்.

"வாடா" என்றார் கண்டாக்கிடம்.

அது வந்தது. லயத்து முனை வரைக்கும் சாதுவாக வந்த கடா, லொறியைக் கண்டதும் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. நிரோஷன் ஓடி வந்தான். "என்னப்பா இது, விடுங்கப்பா!"

"நீ தள்ளு."

மழைத் தூறலில் நனைந்து கனத்த கடாவை நெஞ்சோடு அணைத்து, கழுத்து மயிரில் விரலைக் கோத்துத் தூக்கினார். முன்னங்கால் ஏறியது, பின்னங்கால் ஏறவில்லை. ரிஸ்வி ஒருபக்கம் பிடித்தார். தப்படிப்பவர்கள்கூடக் கோலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பலகையைச் சாத்தியதும் உள்ளேயிருந்து கண்டாக்கு ஒருமுறை கத்தியது.

"தம்பி, அந்த வருசம் நோவு ஒண்ணும் விழல" என்றார் சோலைமலை ரிஸ்வியிடம், மூச்சு வாங்கிக்கொண்டே. "கடாவ ஒளிச்சு வச்சது நாந்தான். அவ தன் மேல பழியப் போட்டுக்கிட்டா."

ரிஸ்வி அவர் முகத்தையே பார்த்தார். பிறகு, "புதுசை எறக்குவோமா அண்ணே?" என்றார்.

இறக்கினார்கள். புதிய கடா பட்டிக்குள் போய், பெட்டைகளை விட்டு விலகி ஒரு மூலையில் நின்றது. அதற்குப் பெயர் வைக்க ஆள் இல்லை. லொறி வளைவில் இறங்கி மறையும்வரை சோலைமலை பட்டி வாசலிலேயே நின்றார்.

"அப்பா!" மகள் லோஜினி வாசலில் நின்று கூப்பிட்டாள். "வாய்க்கரிசி போடக் கூப்புடுறாங்க. அய்யோ, என்னப்பா இது, கையெல்லாம்! கழுவிட்டு வாங்க."

"இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே அவர் உள்ளே போனார். ஆட்டு வாடைக்குச் சில பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

யாரோ அவர் உள்ளங்கையில் ஒரு பிடி அரிசியை வைத்தார்கள். மீனம்மாவின் முகத்துக்கு மேலே கொண்டுபோய்க் கையைக் கவிழ்த்தார். கடாவின் மயிர்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்ட அரிசி பாதிகூட விழவில்லை.

"ஒதறுங்கப்பா" என்றாள் லோஜினி.

அவர் உதறவில்லை. கையை மீனம்மாவின் வாயருகே தாழ்த்தி, மற்றக் கையின் விரலால் ஒவ்வொரு அரிசியாகத் தள்ளத் தொடங்கினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.