பதினேழாம் எண்

நாலு வருஷம் நாயாய் அலைந்து எழுதிய ஆய்வேட்டை, ஒரே ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு ஒரு மனிதர் "புளுகு" என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் ஆய்வு வக்கீல்களைப் பற்றியது. சட்டத்தைப் பற்றி அலமாரி அலமாரியாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஒரு வக்கீல் ஆபீசுக்குள் உண்மையில் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்கத்தான் நாதி இல்லை. நான் கேட்டேன். கோர்ட் வராந்தாவிலும் பஸ் நிறுத்தத்திலும் ஜெராக்ஸ் கடை வாசலிலும் நாற்பத்தோரு ஜூனியர் வக்கீல்களைப் பிடித்துவைத்துப் பேசினேன். பெயரை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒவ்வொருவருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஏட்டில் அவர்கள் எல்லாரும் வெறும் எண்கள்.

பதினேழாம் எண் சொன்னது இது: "ஆறு வருஷமா வாதம் மொத்தமும் நான்தான் எழுதறேன். சீனியர் அதைக் கோர்ட்ல எழுந்து நின்னுதான் முதல் தடவையா படிப்பார். ஒரு தாள்லயாவது என் பேரையும் சேத்துக்குங்க சார்னு கேட்டேன். 'உன் பேரைப் பாத்தா கட்சிக்காரன் கேஸ் கட்டைத் தூக்கிட்டு ஓடிடுவான்'னு சிரிச்சார்."

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வேண்டும். ஊரில் இத்தனை பேர் இருக்க, என் நெறியாளர் தேடிப்பிடித்து அதே சீனியரைப் போட்டார். "பெரிய மனுஷன்மா. அவர் கையெழுத்து இருந்தா நம்ம துறைக்கே கௌரவம்." இவர் வேண்டாம் என்று நான் சொன்னால் நெறியாளர் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் பதினேழாம் எண் யார் என்று தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன்.

தேர்வுக்கு முதல் நாள் சீனியர் என்னையும் நெறியாளரையும் தன் ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். யாரோ புண்ணியவான் அந்தப் பக்கத்தை மட்டும் மடித்துக் காட்டியிருக்கிறான்.

"இது நான் சொன்ன வார்த்தை. என் ஆபீஸ்ல எவளோ ஒருத்தி வாயைத் திறந்திருக்கா. யாரு அது?"

"சொல்லமாட்டேன் சார்."

அவர் மின்விசிறியைப் பார்த்தபடி யோசித்தார். "இத நான் இங்க இருக்கற எல்லாப் பொண்ணுங்ககிட்டயும்தான் சொல்றேன். எவ எத்தனை வருஷமா இருக்கா, எவகிட்ட சொன்னேன்னு யாரு ஞாபகம் வெச்சுக்கறது?"

எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. அடப்பாவி, ஒருத்தியை அப்படிக் கேவலப்படுத்திவிட்டு, யாரைக் கேவலப்படுத்தினோம் என்பதுகூட ஞாபகமில்லையா?

"பேரைச் சொல்லு. இல்லைன்னா அந்த அத்தியாயத்தை எடுத்துடு. ரெண்டும் மாட்டேன்னா அப்படி ஒரு ஆளே கிடையாது, நீயா இட்டுக்கட்டினதுன்னு நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லுவேன். பட்டத்தை மறந்துடு."

நெறியாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஒரு அத்தியாயம்தானேம்மா, போனா போகட்டும்" என்றார். கூட இருந்தே குழி பறிக்கிற ஆளை வைத்துக்கொண்டு நான் யாரோடு சண்டை போடுவது?

சீனியர் உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம்மா, இங்க வா."

எழுது அட்டையோடு வந்து நின்றாள் பதினேழாம் எண்.

"நாளைக்கு நான் வாசிக்க ஒரு அறிக்கை எழுது. பதினேழாம் எண்ணுன்னு ஒருத்தர் கிடையவே கிடையாது, எல்லாம் கட்டுக்கதைன்னு. நல்லா காரமா இருக்கணும்."

"சரி சார்" என்று குறித்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாடிப்படியில் அவளை மடக்கினேன். "எழுதப் போறியா?"

"எழுதலைன்னா நான்தான்னு தெரிஞ்சிடும்கா. இங்க துரத்தினா இந்த ஊர்ல வேற எந்த சீனியரும் சேத்துக்க மாட்டாங்க. வீட்டுக்காரருக்கும் இப்ப வேலை இல்ல. பொண்ணு ரெண்டாங் கிளாஸ்." கைப்பிடியைச் சுரண்டினாள். "நான்னு ஒருத்தியே இல்லைன்னு நானே எழுதணும். பாத்தீங்களாக்கா கூத்தை?"

"நான் உன் பேரைச் சொல்லமாட்டேன். பயப்படாதே."

"அப்ப உங்க பட்டம்?"

"அது கிடக்கட்டும்" என்றேன். பெருமைக்குச் சொன்னது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் போன நாலு வருஷத்தை எண்ணிக்கொண்டே போனேன்.

மறுநாள் துறையின் கூட்ட அறையில் முப்பது பேர். சீனியருக்குப் பின்னால் கோப்புகளைச் சுமந்துகொண்டு வந்து, அவர் முதுகுக்கு நேர் பின்னே ஒரு நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள்.

"கடைசியா கேக்கறேன். யாரந்த பதினேழு?"

"சொல்லமாட்டேன் சார்."

அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினார். அவள் அறிக்கையை வைத்தாள். எழுந்து, தொண்டையைச் செருமி, கோர்ட்டில் பேசுகிற குரலில் ஆரம்பித்தார். மூன்று பக்கம் என்னை நார் நாராகக் கிழித்தார். ஆதாரமில்லை, பொறுப்பில்லை, ஆய்வென்ற பெயரில் ஊர்வம்பு. எழுதியது அவள்தான் என்று தெரிந்தும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு நன்றாகவா எழுதித் தொலைக்க வேண்டும்? நெறியாளர் வேறு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"பதினேழாம் எண் என்று உண்மையிலேயே ஒருவர் இருக்கிறாரா?" என்று கணீரென்று கேட்டு, சபையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். "இருக்கிறார். அது நான்தான். என் பெயர்..." என்று, வந்த வேகத்தில் இனிஷியலோடு அவள் பெயரை முழுசாக வாசித்துவிட்டார். "ஆறு வருடமாக இவர் வாசித்த ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. இந்த வரியும்..."

அங்கேதான் நின்றார். காகிதத்தையே வெறித்தவர், மெல்லக் கழுத்தைத் திருப்பினார்.

அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு சார். படிங்க."