அரை நூல் உள்ளே

"அண்ணே, அசையாம உக்காருங்க. நீங்க சாய்ஞ்சா வண்டியும் சாயுது" என்று காருக்கு அடியிலிருந்த ரிப்பேர் குழிக்குள்ளிருந்து தம்பி கத்தினான்.

"சாய எனக்கேதுடா தெம்பு?" என்றது மேலிருந்து அண்ணனின் குரல். மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னது. "கண்ணாடியத்தான் பாத்தேன்."

அந்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் அண்ணனுக்குக் கல்யாணத்துக்கு முன்பே வாய்த்தது. வளைவில் வேகமாகத் திருப்பினால் அதன் பின்பக்கம் தனியாக ஒரு முடிவெடுக்கும். பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே திசையைப் பார்ப்பதில்லை. அதைச் சரிசெய்வதற்குள் அண்ணனின் நுரையீரல் முந்திக்கொண்டது. டாக்டர் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து அவர் கேட்டது ஒன்றுதான்: ஒரே ஒரு தடவை அது நேராகப் போக வேண்டும்.

தம்பிக்கு வைத்தியம் தெரியாது, ஆறுதல் சொல்லவும் வராது. ஸ்பானர் பிடிக்கத் தெரியும். அதையாவது உருப்படியாகச் செய்துவிட வேண்டுமே என்று பதறிக்கொண்டிருந்தான்.

ஓட்டுகிறவர் ஏறினால் இந்தத் தாழ்ந்த வண்டி கொஞ்சம் அமுங்கும், சக்கரத்தின் கோணமும் மாறும். அதனால் சீட்டில் மணல் மூட்டை வைத்துத்தான் எப்போதும் அளப்பான். இன்றைக்கு அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஓட்டப்போறது மூட்டையா, நானா?"

அண்ணியும் தம்பியுமாகத் தூக்கி உட்காரவைத்தார்கள். மூட்டையே கனமாக இருந்திருக்கும்.

இடது பக்கம் முடிந்திருந்தது. இப்போது அண்ணி வலது பின்சக்கரத்தருகே குந்தி, வண்டியோரமாக இழுத்துக் கட்டிய கயிற்றுக்கும் சக்கரத்தின் விளிம்புக்கும் நடுவே ஸ்கேலைப் பிடித்திருந்தாள். இந்தக் காரைச் சக்களத்தி என்றே கூப்பிட்டுப் பழகியவள்.

"விளிம்பு முன்னாடி சரி. பின்னாடி அரை நூல் உள்ள இருக்கு." அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல்.

தம்பி போல்ட்டை மயிரிழை திருப்பினான். "இப்ப?"

"ஊஹூம்."

"இப்ப?"

"வந்துடுச்சு. முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணா இருக்கு."

"அண்ணே! வந்துடுச்சாம்!"

அண்ணி எழுந்து முன்னால் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. "என்னங்க" என்றாள். மறுபடியும், மெதுவாக, "என்னங்க."

தம்பி மேலே ஏறி வந்தான். ஸ்டியரிங்கின் மேல் அண்ணனின் ஒரு கை இருந்தது. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தான். துடிப்பு இல்லை. அவன் விரலிலிருந்த கிரீஸ் கழுத்தில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. துடைக்கப் போய் இன்னும் பரப்பிவிட்டான். என்ன செய்வதென்றே அவனுக்குத் தெரியவில்லை.

அண்ணி அவருடைய முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்தாள். "பிடிப்பா. உள்ள கொண்டுபோய்ப் படுக்க வைக்கலாம்."

"கொஞ்சம் இருங்க அண்ணி. நட்டை இன்னும் இறுக்கல. இப்ப அவர் எழுந்தா அளவு போயிடும்."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. அண்ணி திட்டவில்லை. தன் பாரம் அவர்மேல் விழாமல் தோளை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போய் இறுக்கிட்டு வா."

தம்பி குழிக்குள் இறங்கினான். ஸ்பானர் வழுக்கி வழுக்கி விழுந்தது. ஒருவழியாக மாட்டி இறுக்கினான். நட்டு இதற்கு மேல் நகராது.

"ஆச்சாப்பா?" என்றாள் அண்ணி.

"இன்னும் கொஞ்சம் அண்ணி" என்றான், ஸ்பானரை விடாமல்.